சர்க்கரை நோய் நூல்: கைப்பிரதி வாசித்துத் தர ஆட்கள் தேவை

வணக்கம். மருத்துவர்கள் சிலர் சேர்ந்து தமிழில் எழுதும் சர்க்கரை நோய் நூலின் இன்சுலின் அத்தியாயம் தயார். மருத்துவம் படிக்காத ஐந்தாறு பேர் வாசித்துத் தர வேண்டும்.

எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். வாசித்ததும் தாளை மூடிவிட்டு, என்ன செய்யச் சொல்கிறது என்று உங்கள் பேச்சிலேயே சொல்லி, குரல் பதிவாக அனுப்புங்கள். ‘நல்லா புரிஞ்சுது’ என்ற பதிலால் பயனில்லை. ஏன் என்பதற்கு ஓர் உதாரணம்: இந்தியாவில் இன்சுலின் குப்பி மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு செறிவில் கிடைக்கிறது. சிவப்பு மூடி சிரிஞ்ச் முன்னதற்கு, ஆரஞ்சு மூடி பின்னதற்கு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற குறிவரை இழுத்தால் உடலில் ஏறுவது 50 யூனிட். சர்க்கரை தாழ்ந்து ஆள் மயங்கிவிடலாம். எழுதுகிற மருத்துவருக்கு இது பாலபாடம். அதனாலேயே அரை வரியில் தாண்டிவிடுவார்.

நோயாளிகளின் அனுபவங்களைச் சேர்க்கத் தமிழில் ஒப்புதல் படிவம் யாரிடமாவது உண்டா? சிகிச்சைக்கு வாங்கும் ஒப்புதல் பிரசுரத்துக்குப் போதாது. பெயரை மாற்றினாலும் ஊர், தொழில், மருத்துவமனையில் சேர்ந்த தேதி மூன்றும் இருந்தால் தெருக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அச்சாகும் பகுதியை நோயாளியே வாசித்துக் கையெழுத்திட இடமுள்ள படிவம்தான் வேண்டும்.