சின்னப் பையன்னு நினைக்கிறாங்க, எப்படிப் பேசலாம்?

108-ல மருத்துவ உதவியாளரா இருக்கிற அண்ணன், அக்காமாருங்க கொஞ்சம் சொல்லுங்க. எனக்கு வயசைவிட இளசாத் தெரியிற முகம். "டாக்டர் வரலையா தம்பி?"ன்னு கேட்டா வயசைச் சொல்லிப் பிரயோஜனமில்ல. கையுறை மாட்டி, நோயாளி பக்கத்துல உக்காந்து, பேரும் பொறுப்பும் சொல்லி, விரல்ல மாட்டி ஆக்சிஜன் பாக்குற ஆக்சிமீட்டர் அளவைச் சத்தமா வாசிச்சா பாதிப் பேர் அடங்கிடுறாங்க. (விரல் சில்லுன்னு இருந்தா அளவு தப்பாக் காட்டும், அப்ப மானமும் போகும்.) சத்தம் போடுற சொந்தக்காரரை மாத்திரை அட்டை எடுக்க அனுப்பிடலாம்.

சிக்கல் பாம்புக்கடிதான். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் போனா சில வீட்டுல கயிறை இறுக்கிக் கட்டி வச்சிருக்காங்க. அதைப் பட்டுன்னு அவுத்தா விஷம் ஒரேயடியா ஏறலாம். ஆஸ்பத்திரியில விஷமுறிவு மருந்தைத் தயாரா வச்சுக்கிட்டுத்தான் தளர்த்தணும். கயிறு கட்டாம இருந்தா, ஆஸ்பத்திரி போற வரைக்கும் கடிபட்ட காலுக்கு ஸ்பிளின்ட் (அசையாம இருக்க வைக்கிற கட்டை) வச்சு அசையாமப் பாத்துக்கிட்டாப் போதும். இதைப் பெருசுககிட்ட எந்த வார்த்தையில சொல்றீங்க?