கியர் பிட்டிங் ரிக்: ஏற்றிய டார்க் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?

பினியன்16:
பிஎச்டி வேலைக்காக, கியர் பல் முகத்தில் குழி விழுவதை (பிட்டிங்) சோதிக்கும் ரிக் ஒன்று: மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் எஃப்இசட்ஜி (கியர் ஆய்வு மையம்) ரிக் மாதிரியில், இரண்டு கியர் ஜோடிகளை ஷாஃப்டுகளால் இணைத்து, முறுக்கிப் பூட்டி லோடு ஏற்றும் பேக்-டு-பேக் வகை. அச்சு இடைவெளி 91.5 மி.மீ., மாட்யூல் (பல் அளவு) 4.5, 16/24 பல், பல் அகலம் 14 மி.மீ. லோடு கிளட்ச் (முறுக்கிய நிலையில் போல்ட்டால் பூட்டும் இணைப்பு) இருக்கும் பினியன் (சிறிய கியர்) ஷாஃப்ட் 40 மி.மீ. விட்டம், 600 மி.மீ. நீளம். பினியனில் 302 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை) ஏற்றினால் பத்து மணி நேரத்தில் 240க்கு வந்துவிடுகிறது. டார்க்கை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜை மாற்றியும் அதே கதைதான். இன்னொன்று: பிட்டிங் பல்லின் ஒரு ஓரத்தில் மட்டும் வருகிறது.

முறுக்குவிசை:
கேஜை விடுங்கள், ஷாஃப்ட்தான் தடிமன். இந்த ரிக்கில் மோட்டார் இழப்பை மட்டுமே ஈடுகட்டும். லோடைப் பிடித்துவைத்திருப்பது ஷாஃப்டின் முறுக்கம். உங்கள் ஷாஃப்ட் 302க்கு அரை டிகிரிதான் முறுகும். 240க்கு இறங்க கிளட்ச் 0.1 டிகிரி நழுவினாலே போதும். போல்ட் வட்டம் 120 மி.மீ. என்று வைத்தால் அது 0.11 மி.மீ. நகர்வு, கண்ணுக்குத் தெரியாது. அதே நீளத்தில் 25 மி.மீ. ஷாஃப்ட் என்றால் 3.4 டிகிரி முறுகும். அதே நழுவலுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான் போகும். ஷியர் ஸ்ட்ரெஸ் 98 மெகாபாஸ்கல், கடினப்படுத்திய அலாய் ஸ்டீல் தாராளமாகத் தாங்கும்.

ஷாஃப்ட் மாற்றும்வரை: கிளட்ச் முகங்களை அசிட்டோனில் துடையுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது. ஷாஃப்டை முறுக்கும் லீவரில் எடை தொங்கும்போதே போல்ட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சில் மூன்று சுற்றாக இறுக்குங்கள். பிறகுதான் லீவரையும் ஷாஃப்டைப் பூட்டிய பின்னையும் (ஊசி) வெளியே எடுங்கள். எண்ணெய் சூடேறி ஒரு மணி நேரம் ஓடியதும் நிறுத்தி மறுபடி ஏற்றுங்கள்; புது கியரின் பல் முகம் படிவதிலும் கொஞ்சம் முறுக்கம் போகும்.

நீலமை:
ஓரப் பிட்டிங் அலைன்மென்ட் கோளாறு. பல்லில் ப்ளூ (தொடுமிடம் காட்டும் நீல மை) பூசி, லோடு ஏற்றிய நிலையில், கையால் சுற்றிப் பதிவு பாருங்கள். லோடு இல்லாமல் பார்க்கும் பதிவு அழகாக இருக்கும், அதை நம்பாதீர்கள். ஷாஃப்ட் வளைவும் பேரிங் இடைவெளியும் லோடில்தான் வெளியே வரும். ஓரத்திலேயே பதிந்தால் பேரிங் வீட்டின் இணைத்தன்மையை டயல் கேஜில் பாருங்கள். பல் முனைகளில் சேம்ஃபர் (ஓரச் சரிவு வெட்டு) இல்லையென்றால் அதுவும் ஒரு காரணம்.

முறையான பிட்டிங் பினியனில் பிட்ச் கோட்டுக்கு (பற்கள் சறுக்காமல் உருளும் இடம்) கீழே தொடங்கும். சாம்பல் நிறப் படலம் மைக்ரோபிட்டிங் (மிக நுண்ணிய குழிகள்). அதைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

பினியன்16:
நன்றி. இறங்கிய டார்க்கில் ஓடிய மூன்று சோதனைகளைச் சராசரி டார்க் போட்டுப் பயன்படுத்தலாமா?

முறுக்குவிசை:
வேண்டாம். கார்புரைஸ் செய்த (மேற்பரப்பில் கார்பன் ஏற்றிக் கடினப்படுத்திய) கியருக்கு ஐஎஸ்ஓ 6336 (கியர் வலிமைக் கணக்குத் தரநிலை) தரும் ஆயுள் கோட்டின் சரிவில் ஆயுள் டார்க்கின் 6.6வது அடுக்கில் மாறும். 302க்கும் 240க்கும் நடுவே நான்கரை மடங்கு வித்தியாசம்! டார்க்கை நேரத்தோடு பதிவு செய்திருந்தால் சேதத்தைப் படிப்படியாகக் கூட்டலாம். ஆனால் ஓரத்தில் உடைந்த பல்லுக்கு அதுவும் பயன்படாது, அந்த மூன்றையும் தனியே வையுங்கள். பல் அலைன்மென்ட் சரியானபின் மறுபக்கப் பல்முகத்தில் ஓட்டலாம், அதற்கு லோடு திசையை மாற்ற வேண்டும். நாள் கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள்: பினியன் நிமிடத்துக்கு 2175 சுற்று என்றால் 5 கோடி சுற்றுக்கு 16 நாள்.