அப்பாரு வீட்டுச் சொந்தங்கள் குழு: பச்சையும் சிவப்பும்

செவ்வாய், காலை 6:40

பிரபு (ராசிபுரம்): (படம்) (படம்)
எல்லாருக்கும் வணக்கம். வண்டிய வெளிய எடுத்தா நின்ன எடத்துல ரெண்டு பக்கம் ஈரமா கெடக்குது. ஆடி 18க்கு கொல்லிமலை போகோணும். குமார் மாமா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.

பெரியம்மா: ஏசி தண்ணியா இருக்கும் சாமி. எங்க வண்டியிலயும் சொட்டும்.

கவிதா: இல்லைங் அத்தை. நேத்து கோயில் வீதியில திருப்பறப்ப ஸ்டியரிங் ஊஊன்னு மொனகுச்சு. நான்தான் ஓட்டுனேன், திருப்பவே கனமா இருந்துச்சு.

குமார் மாமா (நாமக்கல்): படத்துல நெறம் தெரியல மாப்ளே. வெள்ளைத் தாள்ல ரெண்டையும் தனித்தனியா ஒத்தி எடு. வெரல்ல தேச்சுப் பாரு, மோந்து பாரு. வாய்ல மட்டும் வெச்சுராத.

6:58

பிரபு: (படம்)
முன்னாடி நடுவுல இருக்கறது பச்சை. வழுவழுன்னு இருக்குது, இனிப்பா ஒரு வாசம். டிரைவர் பக்கம் முன் சக்கரத்துக்கு உள்பக்கமா இருக்கறது சிவப்பு. அது சுத்த எண்ணெய்.

குமார் மாமா: அப்ப ரெண்டு ஒழுகல், ரெண்டுக்கும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்ல. பச்சை கூலன்ட், இன்ஜின ஆற வெக்கறது. சிவப்பு பவர் ஸ்டியரிங் ஆயில். ஏசி தண்ணின்னா நெறமும் இருக்காது, பிசுக்கும் இருக்காது.
மொத வேலையா அந்தப் பச்சை மேல மண்ணப் போட்டு அள்ளிட்டு, தரையக் கழுவி உடு. கூலன்ட்ல எத்திலீன் கிளைக்கால் இருக்கு, நாக்குல பட்டா இனிக்கும். நாய், பூனை நக்குச்சுன்னா கிட்னி போயிரும். உங்க வீதியில குட்டி போட்ட நாய் வேற சுத்துது.

கவிதா: அள்ளிட்டேனுங் மாமா. கையோட கழுவியும் உட்டுட்டேன்.

சரவணன் (கோவை): அண்ணா, ரேடியேட்டர்ல ஊத்தற லீக் ஸ்டாப் கெடைக்குது. ஸ்டியரிங்கு ஒரு லிட்டர் ஆயில் வாங்கி வெச்சுக்கலாம். மலைக்குப் போய்ட்டு வந்து பொறுமையா பாக்கலாமே?

குமார் மாமா: வேண்டாம் சரவணா. அந்த மருந்து ஓட்டைய மட்டும் தேடிப் போய் அடைக்காது. ரேடியேட்டர்ல இருக்கற சன்னக் கொழாய், வண்டிக்குள்ள சூடு குடுக்கற ஹீட்டர் கோர் எல்லாத்துலயும் படியும். நடு ரோட்ல நின்ன வண்டிய பட்டறை வரைக்கும் கொண்டு வர ஒருத்தன் ஊத்துனா சரிங்கலாம். 70 கொண்டை ஊசி வளைவு ஏறப் போற வண்டிக்கு, உள்ள ஏழு உசுரு உக்காந்திருக்கறப்ப, அது ஆகாது.
ஸ்டியரிங் ஆயில் அத விட மோசம். சீறியடிச்சு, இன்ஜின் புகை வெளிய போற சுடுகொழாய், அதான் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு, அது மேல பட்டா புகையும், தீப்புடிக்கவும் செய்யும். பெல்ட்ல பட்டா பெல்ட் நழுவும்.

சரவணன்: சரிங் மாமா, இது தெரியாது. அப்ப மொதல்ல எத மாத்தறது?

குமார் மாமா: எதையும் மாத்தக் கூடாது. எங்க ஒழுகுதுன்னு பாக்காம பார்ட்ஸ் வாங்கறவன் ரெண்டு தடவ வாங்குவான். பிரபு, இன்ஜின் இன்னும் ஆறலைன்னா ரேடியேட்டர் மூடியத் தொடாத. மூடி மேல என்ன நம்பர் போட்டிருக்கு?

பிரபு: 1.1ன்னு இருக்குங் மாமா.

குமார் மாமா: 1.1 பார். கிட்டத்தட்ட 16 பிஎஸ்ஐ. அந்த அழுத்தம் இருக்கறதாலதான் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 125 டிகிரி தாண்டியும் கொதிக்காம நிக்குது. சூட்டுல மூடியத் தொறந்தா அழுத்தம் போயிரும், உள்ள இருக்கறது அந்த நிமிசமே கொதிச்சு மூஞ்சிக்கு வரும். எங்க பட்டறையில ஒரு பையனுக்கு முழங்கை வரைக்கும் வெந்து போச்சு. கைய வெச்சுப் பாத்து ஜில்லுன்னு இருந்தாத்தான் தொறக்கோணும்.

பெரியம்மா: ஐயோ. பிரபு, நீ தொடவே தொடாத. மாமனே வந்து பாக்கட்டும்.

குமார் மாமா: நான் சாயங்காலம் வர்றேன் அக்கா. அதுக்குள்ள ரெண்டு வேலை இருக்கு. இன்ஜின் ஆறுனதும் ஹோஸ், பைப் ஜாயின்ட் எல்லாம் துணியில நல்லாத் தொடச்சுரு. அப்பறம் கவிதாகிட்ட முகத்துக்குப் போடற பவுடர் வாங்கி ஸ்டியரிங் பைப்பு மேல லேசாத் தூவி உடு. எண்ணெய் கசியற எடத்துல பவுடர் ஊறிக் காட்டிக் குடுத்துரும்.

கவிதா: பாப்பாவோட பவுடரே எடுத்துக்கச் சொல்றேனுங்.

பகல் 11:20

பிரபு: (படம்) (படம்)
மாமா, ரேடியேட்டர் இடது பக்கம் கருப்பு பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேர்ற மடிப்புல, வெள்ளையும் பச்சையுமா உப்பு பூத்த மாதிரி ஒரு கோடு. கீழ் ஹோஸ் கிளிப்பு கிட்டயும் அதே கறை.

குமார் மாமா: மடிப்புலதான் ஒழுகுது. உள்ள இருக்கற ரப்பர் கேஸ்கெட் வத்திப் போயிருக்கும். கிளிப்பு கிட்ட இருக்கறது மேல இருந்து எறங்கி வந்ததா, தனி ஒழுகலான்னு ரேடியேட்டர்ல காத்தழுத்தம் ஏத்தற பம்ப் போட்டுப் பாத்தாத்தான் தெரியும். உள்ள காலடி மிதியடி ஈரமா இருக்கா? கண்ணாடியில பனி மாதிரி படியுதா?

பிரபு: ரெண்டும் இல்லைங்.

குமார் மாமா: அப்ப ஹீட்டர் கோர் தப்பிச்சுது. இன்ஜின் ஆயில் ஸ்டிக்க உருவிப் பாரு. மோர் மாதிரி வெளுத்திருந்தா ஆயில்ல கூலன்ட் கலந்திருக்குன்னு அர்த்தம், அது வேற கதை.

பிரபு: கருப்பாத்தான் இருக்குங். சைலன்சர்லயும் வெள்ளைப் புகை இல்ல.

குமார் மாமா: நல்லது. இன்ஜின் தலைக்கு அடியில இருக்கற ஹெட் கேஸ்கெட்டப் பத்தி இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

இரவு 8:15

குமார் மாமா: எல்லாருக்கும் சொல்லிர்றேன், பாத்தாச்சு. ஆறுன இன்ஜின்ல கை பம்ப் மாட்டி 15 பிஎஸ்ஐ ஏத்துனோம். முள்ளு நிக்கல, மெதுவா எறங்கிட்டே இருந்துச்சு. டார்ச் அடிச்சா அந்த மடிப்புல முத்து முத்தா பச்சை கட்டுது. கீழ் கிளிப்பு காஞ்சேதான் இருக்கு. வாட்டர் பம்ப் அடியில இருக்கற சின்ன ஓட்டையும் காஞ்சிருக்கு.

அகிலா: மாமா, முன்னெல்லாம் அப்பாரு வண்டிக்கு ரேடியேட்டர் பட்டறையில ஈயம் பத்த வெச்சுக் குடுப்பாங்களே. இப்ப முடியாதுங்களா?

குமார் மாமா: அது செம்பு, பித்தளை ரேடியேட்டர் கண்ணு. ஈயம் புடிக்கும், சூடு காட்டி அடைச்சுரலாம். இது அலுமினியக் கோர், பிளாஸ்டிக் டேங்க். பேஸ்ட் பூசுனாலும் சூட்டுல விரிஞ்சு சுருங்கறப்ப உட்டுரும். 14 வருச வண்டி, புதுசாவே போட்டுரலாம்னு சொல்லிட்டேன். மூடியும் புதுசு. மேல் ஹோஸ் அமுக்குனா பஞ்சாட்டம் இருக்கு, அதையும் மாத்தியாகோணும்.

சரவணன்: ஸ்டியரிங் என்ன ஆச்சுங் மாமா?

குமார் மாமா: கவிதா உக்காந்து ஸ்டியரிங்க மெதுவாத் திருப்புச்சு, நான் கீழ இருந்து பாத்தேன். மொதல்ல முன் சக்கரத்தத் திருப்பற ரேக்கோட ரெண்டு பக்க ரப்பர் உறைய அமுக்கிப் பாத்தேன். உள்ள எண்ணெய் தேங்கியிருந்தா ரேக் சீல் போச்சுன்னு அர்த்தம், பெரிய செலவு. ரெண்டும் காஞ்சிருக்கு. பம்ப் சீலும் காஞ்சிருக்கு. பிரஷர் ஹோஸ்ல ரப்பரும் இரும்புக் கொழாயும் சேர்ற குப்பி கிட்ட பவுடர் செவந்து போச்சு.

பிரபு: கவிதா கடைசி வரைக்கும் திருப்புனப்பதான் சொட்டு உழுந்துச்சு.

குமார் மாமா: ஆமா. முழுசா ஒடிச்சா பம்ப் உச்ச அழுத்தம் குடுக்கும், ஆயிரம் பிஎஸ்ஐ தாண்டும். அதனாலதான் ஒடிச்சுப் புடிச்சே வெச்சிருக்காதீங்கங்கறது. அஞ்சு நொடிக்கு மேல புடிச்சா ஆயில் சுட்டுப் போயிரும். டப்பாவுல நொரையும் கட்டியிருந்துச்சு. ஆயில் அளவு MIN கோட்டுக்குக் கீழ போய் காத்த இழுத்திருக்கு. அந்த மொனகல் காத்து சத்தம்.

சரவணன்: அந்தக் குப்பிக்கு மேல ஒரு கிளிப்பு போட்டு இறுக்கிட்டா?

குமார் மாமா: திரும்பி டப்பாவுக்கு வர்ற ரிட்டர்ன் ஹோஸ்ல அழுத்தம் கம்மி, அங்க கிளிப்பு போதும். இதுல நிக்காது. திருச்செங்கோட்ல ரிக் வண்டிக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அடிக்கற கடையில அடிச்சுக்கலாம்னு பிரபு கேட்டான். நல்லாத்தான் அடிப்பாங்க. ஆனா இந்தக் கொழாய்ல ரெண்டு வளைவு இருக்கு. வளைவு மாறுனா மேனிபோல்டுல ஒரசும். அளவான ஹோஸே சொல்லியிருக்கேன், நாளைக்கு வந்துரும். ஹோஸ மாட்டற பேன்ஜோ போல்ட்டுக்கு ரெண்டு செம்பு வாஷரும் புதுசு. பழைய வாஷர் ஒரு தடவ நசுங்குனா மறுபடி அடைக்காது.

வியாழன், மாலை 5:30

பிரபு: (படம்)
ரேடியேட்டரும் ஹோஸும் மாட்டியாச்சு. மறுபடி பம்ப் போட்டதுல முள்ளு அசையல. மாமா முன் சக்கரத்தத் தூக்கி நிறுத்தி, இன்ஜின ஆன் பண்ணாமயே ஸ்டியரிங்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப வெச்சாங்க. டப்பாவுல குமிழ் வர்றது நின்னதுக்கு அப்பறந்தான் ஸ்டார்ட். மொனகல் சுத்தமா இல்ல.

கவிதா: ஒரு வெரல்ல திரும்புது இப்ப!

பெரியம்மா: முருகா. ரேடியேட்டருக்கு நம்ம போர் தண்ணியே ஊத்திட்டீங்களா?

குமார் மாமா: இல்லக்கா. ராசிபுரம் போர் தண்ணி உப்பு. புது ரேடியேட்டர் உள்ள உப்பு அடைச்சுரும். டிஸ்டில்டு வாட்டர் பாதி, கூலன்ட் பாதி. பழசுல துரு கலந்திருந்துச்சு, சுத்தமா அலசிட்டுத்தான் ஊத்துனேன். ஹீட்டர முழுசா வெச்சு ஓட உட்டு, சூடானா தொறக்கற தெர்மோஸ்டாட் வால்வு தொறந்து மேல் ஹோஸ் சூடான பொறகு காத்து போயிருச்சான்னு பாத்தாச்சு. பழைய கூலன்ட கேன்ல புடிச்சு வெச்சிருக்கேன், சாக்கடையில ஊத்தல.

அகிலா: அப்ப சனிக்கிழமை கெளம்பலாங்களா மாமா? வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் ஜாஸ்தி இருக்கும். வளைவுல நின்னு நின்னுதான் ஏறோணும்.

குமார் மாமா: அதனாலதான் நாளைக்கு ஒரு ஓட்டம் வேணும். பிரபு, காலையில பேளுக்குறிச்சி வரைக்கும் போய்ட்டு வா. ராத்திரி ஆற உடு. சனிக்கிழமை வெடியால கூலன்ட் டேங்க், ஸ்டியரிங் டப்பா ரெண்டோட அளவையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. உள்ள காத்து இருந்திருந்தா கொஞ்சம் எறங்கியிருக்கும், ஊத்திக்கலாம். அதுக்கப்பறமும் எறங்குனா கெளம்ப வேண்டாம், என் வண்டிய அனுப்பறேன்.

பிரபு: சரிங் மாமா.

குமார் மாமா: மலையில டெம்பரேச்சர் முள்ளு நடுவத் தாண்டுனா மொதல்ல ஏசிய நிறுத்து, ஹீட்டரப் போடு, எடம் பாத்து ஒதுங்கு. சிவப்பத் தொட்டா இன்ஜினயே நிறுத்திரு. மூடியத் தொறக்காத. அடிவாரத்துல காரவள்ளியில நிறுத்தி அடியில ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு ஏறுங்க. பெரியம்மாவ முன் சீட்ல உக்கார வைங்க, பின்னாடி உக்காந்தா வளைவுல தலை சுத்தும்.

பெரியம்மா: நீயும் வாயேன் குமாரு. புளிச்சோறு கட்டறேன்.

குமார் மாமா: சனிக்கிழமை ரெண்டு லாரி எஃப்.சி.க்குப் போகுது அக்கா. எனக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வைங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்.