மறு: ஸ்லிப்ஸ்ட்ரீமுக்குத் தமிழில் என்ன? (1971 மொன்சா கட்டுரைக்காக)

எல்லோருக்கும் வணக்கம்.

சொல்லை முடிவு செய்யாமல் கட்டுரையை வெளியிட வேண்டாம் என்று ஐயா எழுதியிருந்தார். சரிதான். 1971இல் மொன்சா தடத்தில் நடந்த இத்தாலிய கிராண்ட் பிரீ என்ற ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்திலிருந்து ஸ்லிப்ஸ்ட்ரீமை, அதாவது முன்னால் போகும் காரின் பின்னால் எதிர்க்காற்று குறைந்திருக்கும் இடத்தை, எடுத்துவிட்டால் சொல்வதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. பத்திக்குப் பத்தி அந்தச் சொல் வருகிறது. அதனால், இதுவரை வந்த பரிந்துரைகளை அந்தப் பந்தயத்திலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

> வழுக்கோடை, வழுக்கோட்டம்

இரண்டும் வேண்டாம். ஆங்கிலச் சொல்லை நடுவில் வெட்டி, துண்டுக்கு ஒரு தமிழ் ஒட்டியது போல இருக்கிறது. படிப்பவர் தடத்தில் எண்ணெய் கொட்டிக் கார் வழுக்கியது என்றுதான் நினைப்பார்.

> பின்காற்று

காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பின்னாலிருந்து வந்து தள்ளும் காற்றுக்கு அந்தப் பெயர் இயல்பாகவே பொருந்திவிட்டது. ஓட்டப் பந்தயச் சாதனைகளைப் பற்றிப் பேசும்போது நமக்கு அது அந்தப் பொருளில் தேவைப்படும். இங்கே நடப்பதோ வேறு. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. அதன் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைகிறது. அங்கே இருக்கும் காற்றும் அந்தக் காரோடு சேர்ந்து கொஞ்சம் முன்னோக்கி நகர்கிறது. ஒட்டி வருகிறவருக்கு எதிர்க்காற்று குறைகிறது, அவ்வளவுதான். பின்னாலிருந்து யாரும் அவரைத் தள்ளவில்லை.

அந்த "அவ்வளவுதான்" மொன்சாவில் எவ்வளவு பெரியது என்பதையும் பார்க்க வேண்டும். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். அதை வெல்ல எஞ்சின் கொடுக்க வேண்டிய திறன் மும்மடிக்கு ஏற்ப ஏறும். அன்றைய மொன்சா ஒரு சுற்று 5.75 கி.மீ. நீண்ட நேர்ப்பாதைகள், நடுவில் வேகம் குறைக்கவென்றே கட்டும் குறுகிய வளைவுத் தடையான சிக்கேன் எதுவும் கிடையாது. தடையைக் குறைக்க அங்கே எதையும் செய்வார்கள். முந்தைய ஆண்டு அதே தடத்தில் தகுதிச்சுற்றுப் பயிற்சியின்போது யோகன் ரிண்ட் இறந்தாரே, அவருடைய லோட்டஸ் காரில், காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள் அன்று இல்லை. நேர்ப்பாதை வேகத்துக்காகக் கழற்றப்பட்டிருந்தன. அப்படிப்பட்ட இடத்தில் முன்னால் ஒரு கார் போய்க்கொண்டிருப்பது, காசு செலவில்லாமல் கூடுதல் குதிரைத்திறன் கிடைப்பதற்குச் சமம். எஞ்சினில் சற்றுப் பின்தங்கியவரும் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளலாம்.

அதனால் நமக்குத் தேவையானது காற்றின் பெயர் இல்லை என்பது என் எண்ணம். ஓட்டுநர்கள் பேசுவதைக் கவனித்தால் அது ஓர் இடம். உள்ளே போகிறார்கள், அங்கே இருக்கிறார்கள், சரியான நேரத்தில் வெளியே வருகிறார்கள். முதலில் இந்த வழியில் யோசித்தவர் அக்காதான்:

> மழை மறைவுப் பகுதி என்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறதே. அதே போல "காற்றுமறைவு" என்றால் என்ன?

வந்தவற்றில் மிகச் சிறந்த யோசனை இது. மலையின் ஒரு பக்கம் மழை கொட்ட, மறுபக்கம் வறண்டு கிடப்பதைச் சொல்ல ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த சொல். அதே அச்சில் வார்த்தது. முழுச் சொல்லாக எனக்கு எந்த மறுப்பும் இல்லை. சிக்கல் அதைச் சுருக்கும்போது வருகிறது. பந்தய வருணனையில் யாரும் ஒவ்வொரு முறையும் "காற்றுமறைவு" என்று முழுதாகச் சொல்ல மாட்டார்கள், "மறைவு" என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். இந்த வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள்: "கடைசிச் சுற்றில் செவேர் பீட்டர்சனின் மறைவைப் பயன்படுத்திக்கொண்டார்."

எனக்குப் பகீரென்றது. ரோனி பீட்டர்சன் 1978இல் இதே மொன்சாவில் நடந்த விபத்துக்குப் பின் உண்மையாகவே மறைந்துபோனவர். பிரான்சுவா செவேர் 1973இல் வாட்கின்ஸ் கிளென் தடத்தில் உயிரிழந்தார். அன்று முன்னணிக் கூட்டத்தில் ஓடிய ஜோ சிஃபர்ட் அந்த ஆண்டு அக்டோபரிலேயே பிராண்ட்ஸ் ஹேச்சில் இறந்தார். அந்தக் காலப் பந்தயங்களைப் பற்றி எழுதும்போது "மறைவு" என்ற சொல்லை அதன் இன்னொரு பொருளில் அடிக்கடி பயன்படுத்த வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே கட்டுரையில் வைத்தால் படிப்பவர் பாவம்.

அதனால்தான் நான் காற்றொதுக்கு என்று சொல்லிப் பார்க்கிறேன். மழைக்கு ஒதுங்குகிறோம், வெயிலுக்கு ஒதுங்குகிறோம். "பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன்" என்று திட்டுகிறோம். ஒதுங்குகிற இடம் ஒதுக்கு. அந்த இடத்தை உண்டாக்கியவர் நமக்காக உண்டாக்கவில்லை, நாமாகப் போய் நின்றுகொள்கிறோம் என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. முன்னால் போகிற ஓட்டுநரின் நிலை அதேதான்: அவருக்கு விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பின்னால் ஒதுக்கு உண்டாகும்.

தம்பி இதற்கு ஒரு தடை சொல்லுவார் என்று தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். "ஒதுங்கினார்" என்று வினையாக்கினால் கெட்டது கதை. வழிவிட்டார் என்று ஆகும், அல்லது எஞ்சின் போய் ஓரங்கட்டினார் என்று ஆகும். அன்று ஜாக்கி ஸ்டீவர்ட்டுக்கு நடந்தது அதுதான். முந்தைய பந்தயமான ஆஸ்திரியாவிலேயே அந்த ஆண்டின் பட்டத்தை உறுதி செய்துவிட்டு வந்தவர், மொன்சாவில் பாதித் தூரம்கூட வராமல் எஞ்சின் பழுதாகி ஒதுங்கினார். எனவே வினைக்கு "ஒதுக்கு பிடித்தல்" என்று வைத்துக்கொள்ளலாம். இடம் பிடிப்பது, பஸ் பிடிப்பது போல நாக்குக்குப் பழகிய அமைப்பு. "ஒதுக்கு பிடித்தார்", "ஒதுக்கில் இருந்தார்", "ஒதுக்கிலிருந்து வெளியே வந்தார்", "ஒதுக்கு அறுந்தது" எல்லாம் வருகின்றன. கடைசியாகச் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. இடைவெளி ஓரளவுக்கு மேல் போனதும் பயன் குறைந்து, தனியாக ஓடுகிறவர் கூட்டத்தை மறுபடி எட்டிப்பிடிக்கத் திணறுகிற நிலையை அது சொல்கிறது.

சரி, சொல்லை ஓட்டிப் பார்ப்போம். கட்டுரையின் அந்தப் பகுதியை நான் இப்படி எழுதுவேன்:

"1971 செப்டம்பர் 5. மொன்சா, 55 சுற்று. ஒருவர் முன்னால் போவார், அவருடைய ஒதுக்கைப் பிடித்து இன்னொருவர் நேர்ப்பாதையில் தாண்டுவார், தாண்டியவரே அடுத்தவருக்கு ஒதுக்காவார். எட்டுப் பேர் மாறி மாறி முன்னிலை வகித்தார்கள். தொடக்கக் கோட்டைக் கடக்கும்போது மட்டும் எண்ணினாலே இருபது முறைக்கு மேல் முன்னிலை கை மாறியது. முதலிடத்திலிருந்து புறப்பட்ட கிறிஸ் ஏமன் கடைசிக் கட்டத்தில் முன்னணியில் இருந்தபோது, தலைக்கவசத்தின் முகக்கண்ணாடி மேலிருந்த அழுக்குப் படலத்தை உரிக்கப் போய்க் கண்ணாடியே கையோடு வந்துவிட்டது. அந்த வேகத்தில் வெறுங்கண்ணோடு ஒதுக்கில் இருக்க முடியாது, ஆறாவதாக முடித்தார். பி.ஆர்.எம். அணியின் காரில் பீட்டர் கெதின் முன்னணியைவிட்டுப் பின்தங்கியிருந்து, இறுதிக் கட்டத்தில்தான் கூட்டத்தை எட்டிப் பிடித்தார். கடைசி வளைவான பரபோலிகாவில் பீட்டர்சனும் செவேரும் பிரேக்கைத் தள்ளிப் போட்டுச் சற்று அகலமாகப் போக, கெதின் உட்புறமாகப் புகுந்தார். கியர் மாற்ற நேரமில்லாமல் எஞ்சினை அதன் வரம்பைத் தாண்டிச் சுழலவிட்டு, கையை உயர்த்தியபடியே கோட்டைக் கடந்தார். பீட்டர்சன் 0.01 நொடி பின்னால். செவேர் 0.09, மைக் ஹெயில்வுட் 0.18, ஹௌடன் கான்லி 0.61."

கையை உயர்த்தியதற்குக் காரணம் உண்டு. நேரம் குறிப்பவர்களுக்குச் சந்தேகம் வந்தால், கையை உயர்த்தியவர் பக்கம் தீர்ப்புச் சாயட்டும் என்றுதான் அப்படிச் செய்தாராம். 0.01 நொடி என்றால் அந்தப் பந்தயத்தின் சராசரி வேகமான மணிக்கு 242.6 கி.மீ.க்குக் கணக்கிட்டாலும் முக்கால் மீட்டர்கூட இல்லை. கெதினுக்கு உலகப் பட்டப் பந்தயங்களில் இது ஒன்றே ஒன்றுதான் வெற்றி. அந்த ஆண்டு முழுக்க அவர் எடுத்த புள்ளிகளும் அன்று கிடைத்த ஒன்பது மட்டுமே.

இந்த வரிகளில் சொல் எங்கேயும் முட்டவில்லை என்று எனக்குப் படுகிறது. உங்களுக்கு முட்டினால் சொல்லுங்கள்.

இன்னொன்று இருக்கிறது, அதைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை. ஸ்லிப்ஸ்ட்ரீமோடு கூடவே வருகிற எதிர்ச்சொல். முன்னால் போகும் காரின் பின்னால் கிடக்கும் அதே காற்று நேர்ப்பாதையில் உதவும், வளைவில் காலை வாரும். இறக்கைகளுக்குச் சீரான காற்று வேண்டும். குழம்பிய காற்று வந்தால் காரைத் தரையோடு அழுத்தும் விசை குறைந்துபோகும், டயர் பிடிமானம் விடும். ஆங்கிலத்தில் இதை அழுக்குக் காற்று என்கிறார்கள். அப்படியே எடுத்தால் சுற்றுச்சூழல் மாசு பற்றிய கட்டுரை ஆகிவிடும். "கலங்கல் காற்று" போதும். புதுவெள்ளத்துக் கலங்கலைத் தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். இறக்கைகள் பெரிதாகப் பெரிதாக இந்தத் தொல்லைதான் வளர்ந்தது. 2011இல் பின்னிறக்கையின் மடலைத் திறக்க அனுமதித்ததும், 2022இல் காரின் அடித்தளத்தையே மாற்றி விதி எழுதியதும் முந்துவதை எளிதாக்கத்தான். ஒதுக்கு, கலங்கல் என்று இரண்டு சொல்லும் கையில் இருந்தால் அந்த வரலாற்றைத் தமிழில் சுற்றி வளைக்காமல் எழுதலாம்.

> ஸ்லிப்ஸ்ட்ரீமில் கிடைக்கும் உதவியை ஆங்கிலத்தில் டோ (tow) என்கிறார்களே, அதற்கும் தனிச்சொல் வேண்டாமா?

வேண்டாம் என்பேன். "இழுப்பு" என்று பேச்சில் வந்தால் வரட்டும், தலைச்சொல்லாகப் பதிய வேண்டியதில்லை. இயற்பியலில் இழுவிசை ஒரு பக்கம், பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது இன்னொரு பக்கம். நடுவில் மூன்றாவது ஒன்றைச் சொருகினால் அகராதி தாங்காது. முந்த உதவி கிடைத்தது என்று சொல்ல "ஒதுக்கு கிடைத்தது" என்றாலே ஆயிற்று.

சைக்கிள் பந்தயத்துக்கும் இதே சொல் பொருந்துமா என்று தம்பி முன்பு கேட்டிருந்தார். பொருந்தும். அங்கே முன்னால் போகிறவர் பெரும்பாலும் தன் அணிக்காரருக்காக வேண்டுமென்றே காற்றை வாங்கிக்கொள்வார் என்பதால் "ஒதுக்கு கொடுத்தார்" என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

கட்டுரையில் ஒரு திருத்தமும் செய்ய வேண்டும். மொன்சாவில் சிக்கேன்கள் வந்தது 1972இல், அதாவது இந்தப் பந்தயத்துக்கு அடுத்த ஆண்டே. வரைவில் "பல ஆண்டுகள் கழித்து" என்று இருக்கிறது. கெதினின் சராசரி வேகம் 2003 வரை சாதனையாக நின்றதற்குப் பெரிய காரணமே அந்தச் சிக்கேன்கள்தான் என்பதால் ஆண்டு சரியாக இருக்க வேண்டும். 2003இல் அதை முறியடித்த ஷூமாக்கரும் அதே மொன்சாவில்தான் முறியடித்தார்.

சிக்கேன் என்ற சொல்லை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடுவோம். "நெளிவு" என்று ஐயா சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இயற்கையாக நெளிந்து போகும் சாலைக்கும் வேண்டுமென்றே கட்டிய தடைக்கும் அதில் வேறுபாடு தெரியவில்லை. அதைத் தனி இழையில் பேசலாம்.

அன்புடன்