குர்பானி ஆட்டை வதைக்காமல் வைத்திருப்பதும் அறுப்பதும்: சட்டமும் செய்முறையும்

புதுப்பள்ளித் தெரு கேட்டது:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் மஹல்லா (பள்ளிவாசல் வட்டார மக்கள்) சார்பில் பக்ரீத் பெருநாளில் குர்பானியாக அறுத்துக் கொடுக்க 22 ஆடுகள் கூட்டாக வாங்குகிறோம். பெருநாளைக்கு ஐந்து நாள் முன்பே வந்துவிடும். கொஞ்சம் வீட்டு மொட்டை மாடிகளில் நிற்கும், மீதி பள்ளிவாசல் பின்புறக் கொட்டகையில். ஹனஃபி, ஷாஃபி என்ற இரண்டு மார்க்கச் சட்டப் பிரிவுத் தரப்பும் இருக்கிறார்கள். பிராணிகளிடம் இரக்கம் காட்டுவது பற்றி பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) நிறையக் கேட்கிறோம். ஆனால் பெருநாள் காலையில் நடப்பதோ வேறு: காலைப் பிடித்து இழுப்பது, ஆட்டின் முன்னாலேயே கத்தி தீட்டுவது, அறுத்த கையோடு பிடரியில் குத்துவது.

கேட்க வேண்டியவை: பல் பார்த்து வயதை முடிவு செய்யலாமா? ஐந்து நாளும் என்ன தீனி? கழுத்தை மிதித்துக்கொண்டு அறுப்பது சுன்னத் (நபிவழி) என்கிறார்களே, சரியா? பிடரி நரம்பைக் குத்தினால் சீக்கிரம் அடங்கிவிடும் என்பது உண்மையா?

ஓதிய பிள்ளை பதில்:

வஅலைக்கும் ஸலாம். முதலில் வயது. ஹனஃபியில் வெள்ளாடு ஓராண்டு நிறைந்திருந்தால் போதும். ஷாஃபியில் வெள்ளாட்டுக்கு இரண்டாண்டு நிறைய வேண்டும். செம்மறிக்கு ஓராண்டு, அல்லது அதற்குள் முன்பல் விழுந்திருந்தாலும் கூடும். ஹனஃபியில் ஆறு மாதச் செம்மறி ஓராண்டு ஆட்டைப் போல வளர்ந்திருந்தால் அதுவும் கூடும். இரு தரப்புக்கும் சேர்த்து வாங்குவதானால் ஷாஃபிக்காரர்கள் பங்கைச் செம்மறியாக எடுத்துவிடுவது லேசு. இரண்டு வயது வெள்ளாட்டுக் கிடா தேடி அலைய வேண்டாம்.

பல் ஒரு சாட்சிதான், சட்டம் இல்லை. எல்லாம் பால்பல்லாக இருந்தால் பெரும்பாலும் ஓராண்டுக்கு உட்பட்டது. நடுவில் இரண்டு பெரிய பல் வந்திருந்தால் ஓராண்டு கடந்தது. நாலு பல் என்றால் ஏறக்குறைய இரண்டாண்டு. நன்றாக வளர்ந்தும் பல் போடாத ஆடு உண்டு. அங்கே வளர்த்தவர் நம்பகமானவரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

குறை விஷயத்தில் நபி (ஸல்) நான்கைச் சொன்னார்கள்: வெளிப்படையான ஒற்றைக் கண், வெளிப்படையான நோய், வெளிப்படையான நொண்டி, எலும்பில் மஜ்ஜை இல்லாத அளவுக்கு மெலிவு. சந்தையில் தேறிய ஆடு வண்டியில் வரும்போது கால் முறிந்தால் இந்தப் பட்டியலில் விழுந்துவிடும். ஆட்டை ஏற்றி இறக்கும் விதமும் குர்பானிச் சட்டத்துக்குள்தான் வருகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அடையாளத்துக்காகக் காது நுனியை நறுக்கவும் வேண்டாம். ஷாஃபியில் காதில் ஒரு துண்டு போயிருந்தாலே கூடாது. முகத்தில் சூடு போடுவதை நபி (ஸல்) தடுத்திருக்கிறார்கள். எண் எழுதிய அட்டையைக் கழுத்தில் கட்டுங்கள், போதும். காயடித்த கிடா கூடுமா என்று கேட்பவர்களுக்கு: கூடும்.

அறுப்புக்கு மூலம் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிப்பு: எல்லாவற்றிலும் இஹ்ஸானை (அழகாகச் செய்வதை) அல்லாஹ் விதித்திருக்கிறான், அறுத்தால் அழகாக அறுங்கள், கத்தியைக் கூராக்குங்கள், பிராணிக்கு ஆறுதல் கொடுங்கள். ஆட்டைக் கிடத்திவிட்டுக் கத்தி தீட்டிய ஒருவரைப் பார்த்து, இதை இரண்டு முறை சாகடிக்கப் போகிறாயா, கிடத்துமுன் தீட்டியிருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) கேட்டதாக இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வருகிறது. காலைப் பிடித்து ஆட்டை இழுத்துப் போனவரை உமர் (ரலி) கண்டித்து, மரணத்துக்கு அதை அழகாக நடத்திக்கொண்டு போ என்றதும் பதிவாகியிருக்கிறது.

மிதிப்பது பற்றி. நபி (ஸல்) கொம்புள்ள இரண்டு ஆட்டுக்கடாக்களை அறுக்கும்போது அவற்றின் பக்கவாட்டில் பாதத்தை வைத்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. ஆடு தலையைத் திருப்பிக் கத்தியில் இடித்துக்கொள்ளாமல் நிலையாக இருக்கவே அது. 70 கிலோ ஆள் முழுப் பாரத்தையும் ஏற்றி மூச்சை அடைப்பதற்கு அதில் ஆதாரம் இல்லை.

பிடரியில் குத்துவதை ஹனஃபி நூல்கள் பெயர் சொல்லியே மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது) என்கின்றன. முதுகுத்தண்டு மஜ்ஜை வரை வெட்டுவது, துடிப்பு அடங்குமுன் கழுத்தை ஒடிப்பது, உடல் ஓயுமுன் தோலை உரிப்பது எல்லாம் அந்த வகையில்தான் சேரும்.

கால்நடை பதில்:

நரம்பு விஷயத்தை உடற்கூறாகவும் பாருங்கள். தண்டுவடத்தை அறுத்தால் கால் உதைப்பு நிற்கும். ஆனால் மூளை அந்த வெட்டுக்கு மேலே இருக்கிறது. நினைவு தப்பாத ஆடாக இருந்தால் அசைய முடியாமல் வலியை அனுபவிக்கும், பார்ப்பவருக்கு அடங்கிவிட்டது போலத் தெரியும். ஆட்டுக்கு மூளை ரத்தத்தில் பெரும்பங்கு கழுத்தின் முன்பக்கத் தமனிகள் வழியாகவே போவதால், இரண்டு பக்கமும் சுத்தமாக அறுபட்டால் சில விநாடிகளில் நினைவு தப்பும். அதற்குப் பிறகு வரும் உதைப்பு அனிச்சை. அதைப் பார்த்துப் பதறிக் குத்த வேண்டியதில்லை. மாட்டுக்குப் பிடரி எலும்பு வழியாகவும் ரத்தம் போவதால் நேரம் கூடும். மாட்டுக் கணக்கையும் ஆட்டுக் கணக்கையும் ஒன்றாக்காதீர்கள்.

ஓய்ந்ததா என்று பார்க்கும் வழி: மூச்சு இழுப்பது நின்றிருக்க வேண்டும், கருவிழியை விரல் நுனியால் மெல்லத் தொட்டால் இமை அசையக் கூடாது. இரண்டும் சரி என்றால்தான் தோலில் கத்தி வைக்கலாம். ஐந்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் சந்தேகமே வராது.

தீனி. பெருநாள் ஆடுகள் கெடுவது பட்டினியால் அல்ல, பாசத்தால். ஊரில் தழை தின்ற ஆட்டுக்குப் பட்டணத்தில் சோறு, இட்லி மாவு, பிரெட், அரிசி என்று பிள்ளைகள் கொட்டுவார்கள். இரைப்பையில் அமிலம் ஏறும். அசை போடாது, பல்லை நறநறக்கும், புளித்த நாற்றத்தோடு கழியும், இடது விலா உப்பும். முற்றினால் ஒரே நாளில் செத்துவிடும். 25 கிலோ ஆட்டுக்கு நாளுக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ பசுந்தழை, அரைக் கிலோவுக்குள் காய்ந்த கடலைக்கொடி அல்லது சோளத்தட்டை. அகத்தி, சூபாபுல், பலா இலை, கல்யாண முருங்கை எல்லாம் நல்லவை. அகத்தியும் சூபாபுல்லும் மட்டுமே கொடுக்காமல் கலந்து கொடுங்கள். அடர்தீவனம் 200 கிராமுக்கு மேல் வேண்டாம்; பழகாத ஆட்டுக்கு அதுவும் வேண்டாம். மரவள்ளி இலையும் இளஞ்சோளப் பயிரும் விஷம்.

வயிறு உப்பினால் வாயைப் பிளந்து எண்ணெய் ஊற்றாதீர்கள். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் அதிலேயே சாகும். தீனியை நிறுத்தி, முன்கால் மேடாக நிற்கவைத்து, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மே, ஜூனில் பெருநாள் வரும் ஆண்டுகளில் தண்ணீர்தான் முதல் கவலை. ஆட்டுக்கு நாலைந்து லிட்டர், காலையும் மாலையும் வாளியைக் கழுவி நிரப்பணும். தன் சாணம் விழுந்த தண்ணீரை ஆடு குடிக்காது, தாகத்தோடு நிற்கும். தகரக் கொட்டகையில் மதியம் வாய் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிழல் மாற்றி, காலிலும் வயிற்றிலும் தண்ணீர் விடுங்கள்.

மொட்டை மாடியில் கட்டுவதானால் கயிறு கைப்பிடிச் சுவரை எட்டவே கூடாது. சுவரைத் தாவி மறுபக்கம் தொங்கிச் சாகும் ஆடுகள் இதனால்தான். நைலான் கயிற்றில் சுருக்கு முடிச்சு போடாதீர்கள், இழுக்க இழுக்க இறுகும். பருத்திக் கயிறு, இறுகாத முடிச்சு, கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே மூன்று விரல் இடம். புதுக் கிடாக்களை ஒன்றாக விட்டால் முட்டிக்கொள்ளும், ஆளுக்கொரு முளை அடியுங்கள்.

வண்டியில் கொண்டுவரும்போது காலைக் கட்டிப் போடாதீர்கள். 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளில், ஆடுகளின் கால்களைக் கட்டக் கூடாது என்றும், தரையில் 5 செ.மீ. வைக்கோலாவது பரப்ப வேண்டும் என்றும் இருக்கிறது. பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே ஆட்டைச் செருகிக்கொண்டு வருவது இதற்கெல்லாம் நேர் எதிர்.

அறுப்புக்கு 12 மணி நேரம் முன்பு தீனியை நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்தாதீர்கள். நிறைந்த வயிற்றோடு கிடத்தினால் இரைப்பை நெஞ்சை அழுத்தும், உணவுக்குழாய் அறுபட்டதும் உள்ளிருப்பது வெளியே வந்து கறியையும் கெடுக்கும்.

அறுப்புக் களம் பதில்:

மேலே இருவரும் சொன்னதைக் களத்தில் எப்படி வைப்பது என்று மட்டும் சொல்கிறேன். 22 ஆட்டையும் பெருநாள் தொழுகை முடிந்து மதியத்துக்குள் அறுத்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் பாதி வதைக்குக் காரணம். பெருநாள் பிறை 10 என்றால், ஹனஃபியில் பிறை 12 மக்ரிப் (சூரியன் மறையும் நேரம்) வரை, ஷாஃபியில் 13 மக்ரிப் வரை நேரம் இருக்கிறது. முதல் நாள் எட்டு, மறுநாள் எட்டு, மூன்றாம் நாள் ஆறு என்று வீட்டாரிடம் முன்பே சீட்டு கொடுங்கள். இரவில் வேண்டாம், இருட்டில் கை தவறும்.

இடம்: நிற்கும் ஆடுகளுக்கும் அறுக்கும் இடத்துக்கும் நடுவே தார்ப்பாய் மறைப்பு. ஒரு ஆட்டின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது என்பது ஷரீஅத்திலும் உண்டு, 2001ஆம் ஆண்டின் அறுவைக்கூட விதிகளிலும் உண்டு. ரத்த வாடையே ஆட்டைப் பின்வாங்க வைக்கும், ஒவ்வொன்றுக்கும் பிறகு தண்ணீர் அடித்துத் தள்ளுங்கள். சிமெண்ட் தரை என்றால் ஈரச் சாக்கு விரியுங்கள். வழுக்கினால் ஆடு மிரளும், பிறகு நாலு பேர் பிடித்தாலும் அடங்காது. உள்ளாட்சி அனுமதித்த இடமா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கத்தி: ஆட்டுக்கு அலகு 20 முதல் 25 செ.மீ. இருக்கட்டும். கழுத்தின் அகலத்தைப் போல இரு மடங்காவது இல்லாவிட்டால் நுனி சதையில் குத்தும், இழுத்து அறுக்க முடியாது. செய்தித்தாள் ஒன்றைத் தொங்கவிட்டு அலகை வைத்து இழுங்கள். அழுத்தாமலே கிழிய வேண்டும். விரல் நகத்தில் மெல்ல ஓட்டினால் எங்காவது தட்டுப்பட்டால் அங்கே பல் விழுந்திருக்கிறது. அந்தக் கத்தியை எடுக்காதீர்கள். கூர் மழுங்க இரண்டு காரணம்: ரோமத்தில் இருக்கும் மணல், கழுத்தெலும்பு. முதல் நாளே கழுத்தின் அடிப்பக்கத்தைக் கழுவிவிட்டால் பாதி பிரச்சினை போகும். மூன்று கத்தி தயாராக வையுங்கள், நாலைந்து ஆட்டுக்கு ஒன்று மாற்றுங்கள், தீட்டுவது மறைப்புக்கு அந்தப் பக்கம். ஆடு வரும்போது கத்தி துணிக்கடியில் இருக்கட்டும்.

நடத்திக் கொண்டுவர: ஒரு கை தாடைக்கடியில், மறு கை வால் அடியில். காது, ரோமம் பிடித்து இழுக்க வேண்டாம்.

கிடத்த: ஆட்டின் இடப்பக்கம் ஒட்டி நின்று, முதுகின் மேலாகக் குனிந்து, உங்கள் பக்கத்து முன்காலையும் பின்காலையும் முட்டிக்குக் கீழே பிடித்து மெல்லத் தூக்குங்கள். உங்கள் முழங்கால் மேல் சரிந்து இடப்பக்கமாக இறங்கும். தொப்பென்று போட்டால் விலா உடையும். நம் ஊர்ப் பக்கம் கிப்லா (தொழும் திசை) மேற்கு, சற்று வடக்குச் சாய்வு. ஆகவே தலை தெற்கே, கால்கள் மேற்கே. அறுப்பவர் முதுகுப் பக்கம் கிழக்கில் நின்றால் இடது கை தலையைப் பிடிக்கும், வலது கையில் கத்தி. மூன்று காலைக் கட்டி வலது பின்காலை மட்டும் அவிழ்த்துவிடச் சொல்லும் முறை சும்மா வந்ததல்ல. அந்தக் காலை ஆட்டிக்கொண்டு ஆடு ஆறுதலாகும், நாலையும் கட்டினால் உடம்பையே முறுக்கும்.

வெட்டு: குரல்வளை முடிச்சு தலைப் பக்கம் இருக்கும்படி அதற்குச் சற்றுக் கீழே. முடிச்சுக்கு மேலே அறுத்தால் ஷாஃபியில் அறுப்பே செல்லாது என்ற அளவுக்குப் பேச்சு இருக்கிறது. பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் சொல்லி, கத்தியை எடுக்காமல், முன்னும் பின்னும் ஒன்றிரண்டு இழுப்பில் மூச்சுக்குழாய், உணவுக்குழாய், இரு பக்க ரத்தக்குழாய் நாலும் போக வேண்டும். ஹனஃபியில் குறைந்தது மூன்று, ஷாஃபியில் முதல் இரண்டு கட்டாயம். ஆனால் ரத்தக்குழாய் ஒன்று தப்பினாலும் ஆடு நினைவோடு கிடக்கும் நேரம் நீளும், அதனால் நாலும் என்றே பழகுங்கள். எலும்பு தட்டியதும் நிறுத்துங்கள். தலையை ரொம்பப் பின்னால் வளைத்தால் ரத்தக்குழாய் எலும்போடு ஒட்டிக் கத்திக்குத் தப்பும். கழுத்து இறுகி நிற்கும் அளவு வளைத்தால் போதும்.

அறுத்ததும் கால்கட்டை அவிழ்த்து விலகி நில்லுங்கள். பிள்ளைகள் தலையைத் தூக்கிப் போட்டோ எடுக்க விடாதீர்கள். வெட்டுவாய் மூடிக்கொண்டால் ரத்தம் நின்று நின்று வரும். 25 கிலோ ஆட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் இறங்கும். குழியை அந்தக் கணக்கில் வெட்டி, மேலே சுண்ணாம்பும் மண்ணும் போடுங்கள்.

புதுப்பள்ளித் தெரு:

ஜஸாக்கல்லாஹு கைரன். இன்னும் இரண்டு. மிரளும் கிடாவுக்கு முன்கூட்டியே மயக்க ஊசி போடலாமா? வாங்கியதில் ஒரு பெட்டை சினையாக இருக்குமோ என்று சந்தேகம், என்ன செய்வது?

கால்நடை:

ஊசி வேண்டாம். மருந்து கறியில் தங்கும், அன்றே அறுத்துச் சாப்பிடும் ஆட்டுக்கு ஆகாது. மிரளும் கிடாவுக்கு மருந்து துணை ஆடுதான். கூடவே நின்ற இன்னொரு ஆட்டை மறைப்பு வரை நடத்தி வாருங்கள், பின்னால் வரும். கண்ணை ஒரு துணியால் மூடினாலும் பெரும்பாலும் அடங்கும்.

சினையை வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் ஸ்கேனில் தெரிந்துவிடும். சினையான ஆட்டை அறுவைக்கூடத்தில் அறுக்க விதியும் இடம் தராது.

ஓதிய பிள்ளை:

ஷாஃபியில் சினை ஆடு குர்பானிக்குச் செல்லாது என்பதே வலுவான கூற்று. ஹனஃபியில் செல்லும், ஆனால் ஈனும் நேரம் நெருங்கியதை அறுப்பது மக்ரூஹ். வியாபாரியிடம் மாற்றிக் கேளுங்கள், பெருநாளுக்கு முன்பென்றால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். மாற்றும் முன் ஒன்று: இன்ன ஆட்டைக் குர்பானி கொடுக்கிறேன் என்று யாராவது நேர்ந்து வாயால் சொல்லிவிட்டால் அதை மாற்றுவதில் தனிச் சட்டம் வரும். அப்படி எதுவும் சொல்லியிருக்கிறார்களா என்று பங்குதாரரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், அதற்கேற்பச் சொல்கிறேன்.