பாட்டி கை போற இடம்

குழு: நம்ம வீட்டு ஆளுங்க

அத்தை, காலை 6.48
அம்மா இப்ப பாத்ரூம்ல வழுக்கப் பாத்தாங்க. விழல. துண்டு போடுற கம்பிய எட்டிப் பிடிச்சுட்டாங்க. கம்பி ஆடிடுச்சு, ஸ்க்ரூவுக்குக் கீழ வெள்ளைத் தூளா கொட்டிக் கிடக்கு. எனக்கு இன்னும் படபடன்னு இருக்கு.

பெரியப்பா, 6.51
அடி ஒண்ணும் இல்லையே? இடுப்பு வலிக்குதான்னு கேளு.

அத்தை, 6.52
இல்லண்ணா, நல்லா நடக்கறாங்க.

பெரியப்பா, 6.55
ரப்பர் கப் வெச்சு சுவத்துல ஒட்டுற கைப்பிடி வருதே, ஓட்டையே போட வேண்டாம். இன்னைக்கே வாங்கிடலாம்.

நான், 7.03
பெரியப்பா, அது மட்டும் வேண்டாம். டைல்ஸ் இடுக்கு வழியா கொஞ்சம் காத்து போனாலே அந்தக் கப்பு விட்டுடும். கைப்பிடி இருக்குன்னு நம்பி முழு உடம்பையும் சாய்க்கற நேரத்துல அது கழண்டா, ஒண்ணுமே இல்லாதத விட மோசம். துண்டுக் கம்பியும் துண்டைத் தாங்கத்தான் செஞ்சது.

ஆர்த்தோ போஸ்டிங்ல, அதான் எலும்பு வார்டுல, தினமும் பாக்கறேன். கைய ஊணி விழறவங்களுக்கு மணிக்கட்டு உடையுது. பக்கவாட்டுல விழுந்தா தொடை எலும்போட கழுத்து. மணிக்கட்டு பெரும்பாலும் மாவுக்கட்டுலயே சேந்துடும். தொடைக் கழுத்து அப்படி இல்ல. மேல இடுப்பு மூட்டுல பொருந்தற பந்துக்கு ரத்தம் கொண்டு போற குழாய்ங்க அந்தக் கழுத்த ஒட்டித்தான் ஏறுது. உடைஞ்சு விலகிட்டா குழாயும் கிழியும், பந்து செத்துப் போகலாம். அதனாலதான் வயசானவங்களுக்குப் பந்தையே மாத்தறாங்க. பாட்டிக்கு அந்த நிலைமை வரவே கூடாது.

பெரியப்பா, 7.06
சரிம்மா. அப்ப எத வாங்கறது?

அண்ணன், 7.20
சைட்டுல இருக்கேன், சாயங்காலம் நானே வந்து போடறேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி, 304ங்கற ரகமா கேளுங்க. அதுல குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் அளவுக்கு இருக்கும். 202ங்கற ரகத்துல நிக்கல் கம்மி, ஈரத்துல சீக்கிரம் துரு தட்டும். காந்தத்த வெச்சுப் பாக்காதீங்க, ரெண்டுலயுமே ஒட்டாது. குழாய்ல அச்சடிச்சிருக்கான்னு பாருங்க, இல்லன்னா பில்லுல எழுதி வாங்குங்க. தண்ணி ரொம்ப உப்பா இருந்தா 316 ரகம் வாங்குங்க.
கம்பி 32லேருந்து 38 மி.மீ. கனம் இருந்தா பாட்டி கைக்கு அடங்கும். சுவத்துக்கும் கம்பிக்கும் நடுவுல 38 மி.மீ. இடைவெளி வேணும். ரொம்ப அதிகமா இருந்தா முழங்கை உள்ள சிக்கிக்கும். பளபளன்னு இருக்கறது வேண்டாம், சோப்புக் கையில நழுவும். சொரசொரப்பா எடுங்க.

அத்தை, 7.24
டைல்ஸ் உடையாதாடா?

அண்ணன், 7.26
டைல்ஸ் தாண்டற வரைக்கும் டிரில்ல ஹேமர், அதான் இடிச்சுத் துளைக்கறது, போடாம மெதுவா சுத்த விட்டாப் போதும் அத்தை. ஸ்க்ரூவத் தாங்கற ஆங்கர் செங்கல்ல போய்ப் பிடிக்கணும், வெறும் பூச்சுல பிடிச்சு நிக்காது. அந்த வெள்ளைத் தூள் பூச்சுதான்.

நான், 7.31
உயரம் பொதுவா தரையிலேருந்து 84 – 91 செ.மீ.ன்னு சொல்வாங்க. ஆனா நம்ம பாட்டி சின்ன உருவம். அத்தை, தரை காஞ்சதும் பாட்டிய வெறுங்காலோட நிக்க வெச்சு, பக்கத்துலயே நின்னுக்கிட்டு, உள்ள கால் வெக்கற மாதிரி செய்யச் சொல்லுங்க. கை எங்க போகுதோ அங்க அடையாளம் வைங்க. டாய்லெட்ல உக்காந்து எந்திரிக்கற இடத்துலயும்.

அத்தை, 8.10
பாத்தாச்சு. மூணு தடவையும் 78 செ.மீ.லதான் கை போகுது! பென்சில் டைல்ஸ்ல பதியல, பிளாஸ்திரி ஒட்டி வெச்சிருக்கேன்.

நான், 8.11
அப்ப 78தான். புக்கு சொல்ற அளவ விடுங்க.

தம்பி, 8.30
அக்கா, புக்குன்னதும் ஞாபகம் வந்துச்சு. பிசியோதெரபி படிப்புல ஆர்த்தோ பேப்பர் ஆரம்பிச்சாச்சு. லைப்ரரில எடுத்த புக்கு தலகாணி சைஸ்ல இருக்கு. எங்கேருந்து ஆரம்பிக்கறது?

நான், 8.42
அத திருப்பிக் குடுத்துட்டு, கோட்டுப் படம் நிறைய இருக்கற ஒல்லியான அறிமுகப் புக்கு ஒண்ணு எடு. அட்டவணைய மனப்பாடம் பண்ணாத. முதல்ல பரிசோதிக்கற வரிசை: பாரு, தொடு, அசைச்சுப் பாரு. ஏப்லிங்கற சர்ஜன் சொல்லிக் குடுத்தது, இன்னிக்கும் வார்டுல அதேதான். அப்புறம் ஒரே ஒரு முறிவை எடுத்து, உடற்கூறு அட்லஸையும் பக்கத்துல விரிச்சு வெச்சு முழுசா படி. மணிக்கட்டுலேருந்து ஆரம்பி. ஆபிரகாம் காலீஸ்ங்கற சர்ஜன் அந்த முறிவ விவரிச்சது 1814ல. எக்ஸ்ரே வந்ததே 1895ல. வெறும் கண்ணையும் கையையும் வெச்சு எழுதியிருக்கார்டா! எனக்கு ஆர்த்தோ மேல ஆசை வந்ததே அதப் படிச்சப்பதான்.
பாட்டி நாற்காலியிலேருந்து எப்படி எந்திரிக்கறாங்கன்னும் கவனி. எந்தக் கைய ஊணறாங்க, எந்தக் கால முதல்ல வெக்கறாங்க. அது எந்தப் புக்குலயும் கிடைக்காது.

தம்பி, 8.44
இடது கை. எப்பவும் இடது கைதான்.

நான், 8.45
பாத்தியா, நான் கேக்கவே மறந்துட்டேன். அத்தை, பிளாஸ்திரி எந்தப் பக்கம்?

அத்தை, 8.47
இடது பக்கம்தாம்மா.

அண்ணன், இரவு 7.55
ரெண்டும் போட்டாச்சு. என் முழு வெயிட்டையும் போட்டுத் தொங்கிப் பாத்தேன், அசையல.

அத்தை, 8.20
அம்மா ரெண்டு தடவ போய்ப் பிடிச்சுப் பாத்துட்டாங்க. அந்தத் துண்டுக் கம்பிய எப்பக் கழட்டுவேன்னு கேக்கறாங்கடா. அது இருந்தா கை பழக்கத்துல அங்கதான் போகுதாம்.

அண்ணன், 8.21
வண்டிய திருப்பிட்டேன். இப்பவே வர்றேன்.