வீட்டு அறையில பொட்காஸ்ட் ஒலிப்பதிவு: தெரிஞ்ச ஆக்கள் உதவுங்கோ

வணக்கம் உறவுகளே. நான் திருகோணமலை, உப்புவெளி. எங்கட அம்மம்மாவுக்கு 82 வயசு. கரைவலை இழுத்த காலத்துக் கதைகளையும், வலை இழுக்கேக்க பாடுற அம்பாப் பாட்டுகளையும் இப்பவும் அச்சொட்டாச் சொல்லுவா. அவவின்ர குரலிலேயே அதுகளைப் பொட்காஸ்டாப் பதிஞ்சு வைக்க வேணும் எண்டு பெரிய ஆசை.

பின்னறையை ஒதுக்கியிருக்கிறன். 10க்கு 12 அடி, சீமெந்துச் சுவர், ரைல்ஸ் நிலம், மேல சீற் கூரை. எதிரொலிதான் பிரச்சினை. போன கிழமை கன்டென்சர் மைக்கில (சின்னச் சத்தத்தையும் இழுக்கிற வகை) பதிஞ்சு பார்த்தன். அம்மம்மா வெத்திலை மெல்லுறதும் கேக்குது, அடுத்த வளவில தேங்காய் திருவுறதும் கேக்குது. ஃபேனை நிப்பாட்டினா அஞ்சு நிமிசத்தில அவவுக்கு வேர்த்துக் கொட்டுது. பஞ்சு மெத்தையைச் சுவரில சாத்திப் பாய் விரிச்ச பிறகு எதிரொலி கொஞ்சம் அடங்கினது. முட்டைத் தட்டு ஒட்டச் சொல்லாதேங்கோ, அது வெளிச்சத்தத்தை மறிக்காது.

இப்ப டைனமிக் மைக்குக்கு (தூரத்துச் சத்தத்தை அவ்வளவா எடுக்காத வகை) மாற யோசிக்கிறன். ஷூர் எஸ்எம்58 மாதிரி ஒண்டை வாய்க்கு நாலு விரல் கிட்ட வைச்சா அறைச்சத்தம் குறையும். ஆனா அதுக்குக் கெயின் (மைக்கின்ர சிக்னலைப் பெருக்கிற அளவு) கூட வேணும், அவவின்ர குரலோ மெல்லிசு. மலிவான இன்டர்ஃபேஸில (மைக்கைக் கொம்பியூட்டரோட இணைக்கிற பெட்டி) இரைச்சல் இல்லாமல் எடுத்த ஆக்கள் இருக்கிறீங்களோ? என்ன மொடல்?

மற்றது, சுவருக்கு அடிக்க றொக்வூல் (எதிரொலியை உறிஞ்சுற கனிமப் பஞ்சு) திருகோணமலை டவுனிலேயே எடுக்கலாமோ, கொழும்புக்குத்தான் சொல்லி விட வேணுமோ? மழை தொடங்கினாச் சீற் கூரையில ஒண்டும் பதிய ஏலாது. அதுக்கு முன்னம் தொடங்க வேணும்.